அதிரும் நுனியும் அதிராத அடியும்
(கிளாரினெட் ரீடின் வரலாறு – ஒரு பார்வை)

முன்னுரை

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். சங்க இலக்கியம் பற்றியோ சிற்றிலக்கியம் பற்றியோ நான் எழுதுவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். மேலைநாட்டுக் காற்றுக் கருவி ஒன்றின் நாணல் துண்டைப் பற்றி எழுத முற்பட்டதற்குக் காரணம் உண்டு. அது என் பிழை ஒன்றோடு தொடர்புடையது. அதைச் சொல்லித் தொடங்குவதே முறை.

ஐந்தாண்டுகளுக்கு முன் நம் வட்டம் உறுப்பினர் கவிதைகளைத் தொகுத்து வெளியிட்டது. தொகுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. கவிஞர் ஒருவருக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு 24 அடிகள் என்பது அச்சுச் செலவு வகுத்த கணக்கு. மூத்த உறுப்பினர் ஒருவர் 32 அடிகள் கொண்ட கவிதையைத் தந்திருந்தார். பாண்டு வாத்தியக் குழுவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிளாரினெட் வாசித்தவர் அவர். கவிதை ஒரு சாமி ஊர்வலத்தைப் பற்றியது. ஊர்வலம் முடிந்து, கூட்டம் கலைந்தபின், வாசித்தவன் தன் கருவியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைப்பதைக் கடைசி எட்டு அடிகள் சொல்லின. ஊர்வலமே முடிந்துவிட்டது, இனி என்ன என்று கருதி அந்த எட்டு அடிகளை நீக்கினேன். நூல் வெளிவந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சில திங்கள் கழித்து, வட்டத்தின் வேலையாக அவர் இல்லம் சென்றேன். திண்ணையில் அமர்ந்து, கண்ணாடித் துண்டொன்றின்மேல் உப்புத்தாளை விரித்து, ஒரு ரீடின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பேரனிடம் இருப்பது சிறிய கிளாரினெட் என்றும், அதற்குரிய ரீடு கடையில் எப்போதும் கிடைப்பதில்லை என்றும், பெரிய கிளாரினெட்டின் ரீடைச் சிறிய ஊதுவாய்க்கு ஏற்பக் குறைத்துக்கொள்வது தம் வழக்கம் என்றும் கூறினார். நீளம் மிகுதி எனில் நுனியைக் கத்தரித்துவிட்டால் போதாதா என்று அறியாமையால் கேட்டேன். "நுனியில் வெட்டினால் அளவு சரியாகிவிடும் அம்மா, பேச்சுப் போய்விடும்" என்றார். பின் அடிப்பக்கத்தைச் சிறு வாளால் அறுத்துக் காட்டினார். கவிதையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. பேருந்து நிறுத்தம் வரை நடந்து வரும்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை. பெரிய ரீடைச் சிறிய ஊதுவாய்க்குப் பொருத்தும் இச்சிறு தொழில், அந்த முதியவரின் திண்ணையோடு நிற்பதன்று. முந்நூறு ஆண்டுக்கால இசை வரலாறு அதனுள் அடங்கிக் கிடக்கிறது.

ஊதுவாயும் ரீடும்

முதலில் கருவியின் அமைப்பைச் சுருக்கமாகக் காண்போம். இசைக் கலைஞர் மவுத்பீஸ் என வழங்குவதை ஈண்டு ஊதுவாய் என்கிறேன். ரீடு என்பதை அவ்வாறே வைத்துக்கொள்கிறேன். ஆர்மோனியத்தால் நமக்கு முன்னரே பழகிய சொல் அது.

கிளாரினெட்டின் ஊதுவாய் ஆப்பு வடிவினது. அதன் ஒருபுறம் தட்டையாக இருக்கும். அத்தட்டையில் நீண்டதொரு திறப்பு உண்டு. அத்திறப்பை மூடுமாறு ரீடு வைத்துக் கட்டப்படுகிறது. தட்டைப் பரப்பு நுனியை நெருங்கும்போது சற்றே வளைந்து ரீடைவிட்டு விலகும். அவ்விலகலால் நுனியில் உண்டாகும் இடைவெளி ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். கலைஞன் ஊதும்போது ரீடின் நுனி அந்த இடைவெளியை மூடியும் திறந்தும் அதிர்கிறது. நொடிக்கு 440 அதிர்வுகள் கொண்ட சுரம் ஒலிக்க வேண்டுமாயின், நொடிக்கு 440 முறை மூடித் திறக்க வேண்டும்.

இவ்வளவு பணியையும் செய்வது ஒரு புல் துண்டு. அருண்டோ டோனாக்ஸ் என்பது அதன் தாவரவியற் பெயர். மூங்கிலைப் போல் உயர்ந்து வளரும் நாணல் இனம் அது. தென்பிரான்சில் மத்தியதரைக் கடலை ஒட்டிய வார் மாவட்டத்து நாணலே ரீடுக்குச் சிறந்தது எனப் பெயர் பெற்றது. குளிர்காலத்தில் வெட்டி, நிழலிலும் வெயிலிலும் நெடுநாள் உலர்த்தி, பசுமை போய்ப் பொன்னிறம் ஏறியபின் பிளந்து செதுக்குவர்.

இன்றைய பெரிய கிளாரினெட்டின் ரீடு ஏறத்தாழ 68 மில்லிமீட்டர் நீளமும், நுனியில் 13 மில்லிமீட்டர் அகலமும் உடையது. அடியின் கனம் 3 மில்லிமீட்டர் அளவினது. நுனியின் கனமோ 0.1 மில்லிமீட்டர் அளவே. நடுவில் நெடுக ஒரு முதுகு போலச் சற்றுக் கனம் இருக்கும். இரு ஓரங்களிலும் அக்கனம் மெலிந்து சரியும். கனத்தின் இந்தப் பங்கீடே ரீடின் குரல். இதை நினைவில் இருத்திக்கொண்டால் பின்வருவன எளிதில் விளங்கும்.

வளர்ந்த ஊதுவாய்

ஜெர்மனியின் நூரம்பர்க் நகரத்தில் வாழ்ந்த யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் (1655–1707) என்னும் கருவி செய்வோர், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளாரினெட்டை உருவாக்கினார் என்று, அந்நகரத்து அறிஞர் டோப்பெல்மாயர் 1730இல் எழுதிவைத்தார். அன்றைய கருவியில் இரண்டே சாவிகள் இருந்தன. தொலைவில் நின்று கேட்டால் அதன் ஒலி எக்காளத்தை ஒத்திருக்கும் என்று 1732இல் வெளிவந்த வால்ட்டரின் இசை அகராதி குறிக்கிறது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் சாவிகள் ஐந்தாயின. மோட்சார்ட் அறிந்த கிளாரினெட் அக்காலத்தது.

இப்பழைய கருவிகளின் ஊதுவாய் இன்றைய ஊதுவாயைவிடக் குறுகலானது. மரத்தால் செய்யப்பட்டது. அதன் திறப்பு ஒடுக்கமானது. அதன்மேல் வைக்கும் ரீடும் குறுகலானதே. உலோக வளையம் அப்போது இல்லை. நூலைச் சுற்றி இறுக்கிக் கட்டினர். இன்னொரு வியப்பும் உண்டு. இன்று ரீடு கீழ்ப்புறம் இருந்து கீழுதட்டில் படிகிறது. அன்று பலரும் ரீடு மேற்புறம் இருக்க, மேலுதட்டில் படுமாறு வாசித்தனர். பாரிசு இசைக் கல்லூரியில் ஃப்ரெடெரிக் பெர் ஆசிரியப் பொறுப்பேற்ற 1831க்குப் பின்னரே ரீடைக் கீழே வைத்து வாசிக்கும் முறை அங்கு வேரூன்றியது. ஜெர்மன் நாட்டினர் அதற்கு முன்பே அம்முறைக்கு மாறத் தொடங்கியிருந்தனர்.

19ஆம் நூற்றாண்டில் கருவி விரைந்து மாறியது. இவான் மியூல்லர் என்பார் 13 சாவிகள் கொண்ட கிளாரினெட்டை 1812இல் பாரிசில் அறிஞர் குழுவின்முன் வைத்தார். குழு அதனை ஏற்கவில்லை. ஆயினும் கலைஞர்கள் ஏற்றனர். நூலுக்கு மாற்றாகத் திருகாணி கொண்ட உலோக வளையத்தால் ரீடை இறுக்கும் வழக்கத்தையும் அவர் பெயரோடு சேர்த்தே சொல்வர். 1839இல் க்ளோசே என்னும் ஆசிரியரும் புஃபே என்னும் கருவி செய்வோரும் இணைந்து உருவாக்கிய பிரெஞ்சு வகைக் கருவி பாரிசில் காட்சிக்கு வந்தது. இன்று உலகின் பெரும்பகுதியில் ஒலிப்பது அதன் வழித்தோன்றலே.

அரண்மனைக் கூடத்தில் ஒலித்த இசை, பெரிய அரங்குக்கும் படைவகுப்புத் திடலுக்கும் வந்தபோது ஒலியின் அளவும் பெருக வேண்டியதாயிற்று. ஊதுவாய் அகன்றது. அதனோடு ரீடும் அகன்றது. மரம் ஈரத்தால் கோணுமாதலால், பிற்காலத்தில் கடின ரப்பராகிய எபோனைட் அதனிடத்தைப் பிடித்தது. ஜெர்மன் நாட்டினர் மட்டும் சற்றுக் குறுகலான ஊதுவாயையே தொடர்ந்து போற்றினர். இன்றும் அந்நாட்டுக் கலைஞருள் பலர் ரீடை நூலால் கட்டுகின்றனர்.

ரீடு செய்யும் தொழிலும் கைமாறியது. முன்னாளில் வாசிப்பவரே தம் ரீடைச் செதுக்கிக்கொண்டார். 1905இல் பாரிசு ஆப்பெராவின் கிளாரினெட் கலைஞர் யூஜின் வான்டோரன் ரீடு செய்து விற்கத் தொடங்கினார். அவர் பெயரால் அமைந்த நிறுவனம் இன்றும் நடக்கிறது. ரீடு தொழிற்சாலைப் பொருளானபோது அளவும் ஒன்றாக நிலைத்தது. ஒருவகையில் அது பெரும் வசதி. ஆனால் அந்த அளவுக்குள் அடங்காத ஊதுவாய் உடையவர் கத்தியைக் கையிலெடுக்க வேண்டிய நிலையும் அன்றே தோன்றியது.

அத்தகையோர் இருவகையினர். சிறிய கிளாரினெட் வாசிப்போர் ஒருவகை. பழங்காலக் கிளாரினெட்டை மீட்டெடுத்து வாசிப்போர் மற்றொரு வகை.

சிறிய கிளாரினெட்

வழக்கமான கிளாரினெட் ஏறத்தாழ 66 சென்டிமீட்டர் நீளமுடையது. அதனினும் ஐந்து சுரத்தானம் உயர்ந்து ஒலிக்கும் சிறிய கிளாரினெட்டின் நீளம் ஏறத்தாழ 49 சென்டிமீட்டரே. படைவகுப்புப் பாண்டுகளில் எல்லாக் கருவிகளின் ஒலியையும் கிழித்துக்கொண்டு மேலே கேட்பது அதன் குரல். பெர்லியோஸ் தம் 'கற்பனைச் சிம்பொனி'யின் (1830) இறுதிப் பகுதியில் அதனைப் பயன்படுத்தினார். அதுகாறும் காதலியின் நினைவாக வந்த இனிய மெட்டு, சூனியக்காரிகளின் கூத்தில் கேலியாகத் திரிந்து ஒலிக்குமிடம் அது. அத்திரிபை ஒலிப்பதற்கு அவர் தெரிந்தெடுத்தது சிறிய கிளாரினெட்டின் கீச்சுக் குரலை. பின்னாளில் ராவெல் தம் 'பொலேரோ'விலும் (1928) அதற்கு இடம் தந்தார்.

பாண்டில் பெரிய கிளாரினெட் பல இருப்பின் சிறியது ஒன்றே இருக்கும். ஆகவே சிறிய ரீடுக்கு வாங்குவோர் குறைவு. கடையில் வகையும் குறைவு. நம் முதியவரைப் போலவே, மேலைநாட்டுப் பெரிய குழுக்களின் கலைஞருள்ளும் பெரிய ரீடின் அடியை வெட்டிச் சிறிய கருவிக்குப் பயன்படுத்துவோர் பலர். பெரிய ரீடில் கிடைக்கும் குரலின் செறிவு சிறியதில் கிடைப்பதில்லை என்பதும் அவர்கள் கூறும் காரணங்களுள் ஒன்று.

அழிந்துபோன உறுப்பு

இரண்டாம் வகையினரின் சிக்கல் ஆழமானது. ஐரோப்பியக் காட்சிக்கூடங்களில் 18ஆம் நூற்றாண்டுக் கிளாரினெட்டுகள் பல உள்ளன. மரம் இருக்கிறது, பித்தளைச் சாவி இருக்கிறது, ஒருசிலவற்றில் ஊதுவாயும் இருக்கிறது. ரீடு மட்டும் பெரும்பாலும் இல்லை. புல் அல்லவா? சில வாரம் வாசித்தாலே தளர்ந்துபோகும் பொருள் அது. தளர்ந்தால் எறிந்துவிடுவர். எறிய வேண்டியதைப் பாதுகாக்க வேண்டுமென்று எவரும் எண்ணியிரார். கருவியின் குரலாக எது இருந்ததோ அதுவே வரலாற்றில் நிலைக்கவில்லை.

தமிழ் கற்றோர்க்கு இந்நிலை புதிதன்று. பரிபாடல் எழுபது என்பர். நமக்கு முழுமையாகக் கிடைத்தவை 22. அவற்றுள் பலவற்றின் இறுதியில் பாடியவர் பெயரும் இசை வகுத்தவர் பெயரும் பண்ணின் பெயரும் உள்ளன. பாலையாழ் என்றும் நோதிறம் என்றும் காந்தாரம் என்றும் படிக்கிறோம். ஏடு இருக்கிறது. சொல் இருக்கிறது. இசை வகுத்தவர் கேட்ட ஒலி மட்டும் இல்லை. ஊதுவாய் கிடைத்து ரீடு கிடைக்காத நிலை இதுவே.

20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில், பழைய இசையை அக்காலக் கருவியிலேயே வாசிக்க வேண்டும் என்னும் இயக்கம் ஐரோப்பாவில் வலுப்பெற்றது. பழைய கிளாரினெட்டைப் பார்த்துப் படியெடுத்துப் புதிதாகச் செய்தனர். ஊதுவாயையும் அவ்வாறே குறுகலாகச் செய்தனர். அதன்மேல் இன்றைய ரீடை வைத்தால் இருபுறமும் ஓரம் துருத்தி நின்றது. நாணலை வாங்கி முதலிலிருந்து தாமே செதுக்கியோர் உண்டு. இயல்பாகவே குறுகலான ஜெர்மன் ரீடையோ சிறிய கிளாரினெட்டின் ரீடையோ எடுத்து மேலும் குறைத்துக்கொண்டோரும் உண்டு. பழைய கருவி செய்வோர்க்குள் பொது அளவு என்பது இல்லை. எனவே ஒரு படிக்குச் செதுக்கிய ரீடு இன்னொரு படிக்குப் பொருந்தாது. ஒவ்வொரு ஊதுவாய்க்கும் தனித்தனியே பொருத்தியாக வேண்டும்.

குறைக்கும் முறை

முதியவர் எனக்குச் செய்து காட்டியதை, நூல்களில் படித்ததோடு ஒப்பிட்டுத் தொகுத்துரைக்கிறேன்.

முதலில் ரீடை நனைக்க வேண்டும். நனைந்த ரீடை ஊதுவாயின்மேல் நடுவாக வைத்து, இருபுறமும் எவ்வளவு துருத்துகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். சமதளம் வேண்டி, கண்ணாடியின்மேல் மெல்லிய உப்புத்தாளை விரித்து, ரீடைப் பக்கவாட்டில் நிறுத்தித் தேய்க்க வேண்டும். ஒருபுறம் பத்துமுறை தேய்த்தால் மறுபுறமும் பத்துமுறை. இல்லையேல் நடுமுதுகு ஒருபக்கம் ஒதுங்கிவிடும், ரீடு சமமாக அதிராது. அடியை நோக்கி ஒடுங்கும் வடிவம் மாறாமலும் பார்க்க வேண்டும்.

அடுத்து நீளம். ரீடின் அடிப்பகுதி வளையத்துக்குள் இறுக்கப்பட்டுக் கிடப்பது. அது அதிர்வதில்லை. எனவே அங்கே சில மில்லிமீட்டர் அறுத்தெடுத்தால் ஒலிக்கு ஊறு நேராது. நுனியை வெட்டினாலோ 0.1 மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய பகுதி போய்விடுகிறது. அதற்கு அடுத்துள்ள கனத்த பகுதி நுனியாகிறது. அது மூச்சுக்கு இணங்காது. ஊதினால் காற்றே வரும், சுரம் வராது. முதியவர் "பேச்சு" என்று சொன்னது இதனை. ரீடு மிகவும் மெலிந்து தளர்ந்திருந்தால் மட்டும் அதற்கெனவுள்ள கருவியால் நுனியில் மயிரிழை அளவு நறுக்குவர். அது வலுவூட்டச் செய்வது, அளவுக்காகச் செய்வதன்று.

மூன்றாவது செய்தியே நுட்பமானது. ஓரங்களை நீக்கிவிட்டதால் ரீடின் மெல்லிய பகுதி குறைந்து, கனத்த நடுப்பகுதியின் பங்கு கூடிவிடுகிறது. அகலத்தால் ஊதுவாய்க்குப் பொருந்திய ரீடு, குரலால் இன்னும் பொருந்தாமல் விறைத்து நிற்கிறது. ஆகவே புதிய அகலத்துக்கு ஏற்பக் கனத்தையும் மறுபடி பங்கிட வேண்டும். ஐரோப்பியர் இதற்குக் குதிரைவால் என்னும் ஒருவகைப் பூண்டின் தண்டைப் பயன்படுத்தினர். அத்தண்டில் சிலிக்கா மிகுதி. எனவே அது இயற்கையான அரம் போன்றது. கொஞ்சம் தேய்ப்பது, ஊதிப் பார்ப்பது, மறுநாள் வரை ஆறவிடுவது, மறுபடி தேய்ப்பது என இது சில நாட்கள் நடக்கும். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட இயலாது. ஆகலின் கலைஞர் ஒவ்வொரு தேய்ப்புக்கும் இடையே காதால் அளக்கின்றனர்.

மோட்சார்ட்டின் இசைக்கு நேர்ந்தது

ரீடை விடுத்து, இசையையே சிறிய கருவிக்குப் பொருத்திய நிகழ்ச்சி ஒன்றையும் ஈண்டுக் காண்பது பயன்தரும்.

மோட்சார்ட் 1778இல் மன்ஹைம் நகரத்திலிருந்து தம் தந்தைக்கு எழுதிய மடலில், தங்கள் ஊரில் கிளாரினெட் இல்லையே என்று ஏங்கினார். அவ்வேக்கம் நிறைவேறிய இடம் வியன்னா. அங்கே அந்தோன் ஷ்டாட்லர் (1753–1812) என்னும் கலைஞர், வழக்கமான கிளாரினெட்டைவிடக் கீழே நான்கு அரைச்சுரங்கள் கூடுதலாக இறங்கும் நீண்ட கருவியொன்றை வாசித்தார். பாசெட் கிளாரினெட் என்று பின்னாளில் அதற்குப் பெயர். அக்கருவிக்காகவும் அக்கலைஞருக்காகவும் மோட்சார்ட் 1791இல் கிளாரினெட் கான்செர்ட்டோவை இயற்றினார். அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் மறைந்தார்.

மோட்சார்ட் கைப்பட எழுதிய சுவடி மறைந்துபோயிற்று. இக்கான்செர்ட்டோ 1801இல் அச்சேறியது. நீண்ட கருவி ஏனையோரிடம் இல்லாமையால், வழக்கமான கிளாரினெட்டில் வாசிக்கத்தக்க வகையில் இசை மாற்றப்பட்டிருந்தது. ஆழத்துக்கு இறங்கிய வரிசைகள் பாதியில் மேலே திருப்பப்பட்டன. மறு ஆண்டே லைப்சிக் நகரத்து இசை இதழில் மதிப்புரை எழுதியவர் இதனைக் கண்டு சுட்டிக்காட்டினார். ஆயினும் அச்சில் வந்ததே நிலைத்தது. ஏறத்தாழ 150 ஆண்டுகள் உலகம் அந்த மாற்றுவடிவையே மோட்சார்ட் எனக் கேட்டு மகிழ்ந்தது.

1951இல் பிராகு நகரத்தில் நீண்ட கருவியை மறுபடி உருவாக்கி, மீட்டமைத்த இசையை வாசித்துக் காட்டினர். இங்கிலாந்தில் ஆலன் ஹேக்கர் (1938–2012) போன்றோர் அம்முயற்சியைத் தொடர்ந்தனர். ஷ்டாட்லரின் கருவி எவ்வடிவில் இருந்தது என்பது நெடுநாள் ஊகமாகவே இருந்தது. 1992இல் பமேலா போலின் என்னும் ஆய்வாளர், ரீகா நகரத்தில் 1794ஆம் ஆண்டுக் கச்சேரி அறிவிப்புத் தாளைக் கண்டெடுத்தார். அக்கருவியின் படம் அதில் இருந்தது. ஒரு துண்டுத் தாள் 200 ஆண்டு ஊகங்களுக்கு விடை கூறியது.

1801இல் மாற்றியவர்களை இகழ வேண்டியதில்லை. அவர்கள் மாற்றியிராவிடில் அவ்விசை ஒருசிலரோடு நின்றிருக்கும். பலர் வாசிக்க வேண்டும் என்னும் நோக்கம் நன்றே. ஆனால் அவர்கள் குறைத்த பகுதி எது என்று காண வேண்டும். ரீடில் அடிப்பகுதி அதிராதது, அதனை வெட்டலாம். இவ்விசையிலோ அடித்தானத்து ஆழமே அதிர்வது. அதற்காகவே அக்கருவியை மோட்சார்ட் தெரிந்தெடுத்தார். அடி, நுனி என்பன இடத்தின் பெயர்களே. எது அதிர்கிறது என்பதை ஒவ்வொரு பொருளிலும் தனியே கண்டறிய வேண்டும்.

தமிழ் மண்ணில்

கிளாரினெட் தமிழகத்துக்கு வந்தது ஐரோப்பியரின் படைவகுப்பு இசையோடு. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) அவையில் மேலைநாட்டு இசைக்குழு இருந்தது. அக்காலத்து மேலைநாட்டு இசைச் சுவடிகள் சரசுவதி மகாலில் உள்ளன. 19ஆம் நூற்றாண்டில் மகாதேவ நட்டுவனார் சின்னமேளம் எனப்படும் சதிராட்டக் குழுவில் கிளாரினெட்டைச் சேர்த்தார் என்று இசை வரலாறு எழுதியோர் குறிப்பர். அதுவரை அவ்விடத்தில் ஒலித்தது முகவீணை. பின்னர் ஏ.கே.சி. நடராசன் அதனைத் தனிக் கச்சேரிக் கருவியாக உயர்த்தினார். நாகசுவரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை அவருக்குக் 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று பட்டம் சூட்டினார். 2008இல் சங்கீத கலாநிதி விருதும் அவரை அடைந்தது.

ரீடைச் செதுக்குவது நமக்கு வேற்றுநாட்டுச் செய்தியன்று. நாகசுவரத்தின் சீவாளியும் நாணல் இனத் தட்டையே. அது இரண்டு இதழ்கள் ஒன்றோடொன்று அதிரும் அமைப்பு. கிளாரினெட்டின் ரீடோ ஒற்றை இதழ். திருவாவடுதுறை சீவாளிக்குப் பெயர் பெற்ற ஊர். சீவுதல் என்னும் வினையோடு சீவாளி என்னும் பெயரை இயைத்துப் பார்க்க என் மனம் விழைகிறது. குட்டையான திமிரி நாகசுவரம் உயர்ந்த சுருதியுடையது. நீண்ட பாரி நாகசுவரம் தாழ்ந்த சுருதியுடையது. ராஜரத்தினம் பிள்ளை காலத்தில் திமிரியிலிருந்து பாரிக்கு மாறியபோது, நரசிங்கம்பேட்டை ஆச்சாரியார் மரத்தை நீட்டிக் கடைந்தார். மரம் நீண்டால் போதாது, சீவாளியும் அதற்கேற்ப அமைய வேண்டும். ஐரோப்பாவில் ஊதுவாய் பெருகியபோது ரீடு பெருகிய கதையே இங்கும் நிகழ்ந்தது. நாகசுவரக் கலைஞர் பல சீவாளிகளைக் கருவியிலேயே தொங்கவிட்டிருப்பதைக் கண்டிருப்போம். அன்றைய காற்றின் ஈரத்துக்கு எது இணங்கும் என்று ஊதிப் பார்த்தே தெரிந்தெடுக்கிறார்.

முடிவுரை

கவிதை எழுதுவோர் கூடும் நம் வட்டத்தில் இவ்வரலாற்றைச் சொல்ல வேண்டிய காரணம் இப்போது விளங்கியிருக்கும். கவியரங்கத்துக்கு மூன்று நிமிடம், மலருக்கு ஒரு பக்கம், வானொலிக்கு இத்தனை அடி என்று சிறிய ஊதுவாய்கள் நம்முன் வந்துகொண்டே இருக்கின்றன. குறைக்கமாட்டேன் என்று சொல்வது எப்போதும் இயலாது. குறைக்கும் கலையை வாசிப்பவரே அறிந்திருக்கின்றனர். கையால் தடவிப் பார்த்து, ஊதிப் பார்த்து, அதிராத பகுதியைக் கண்டபின்னரே அவர்கள் வாளை எடுக்கின்றனர். குறைத்தபின் எஞ்சியதன் கனத்தையும் மறுபடி பங்கிடுகின்றனர். நான் செய்த பிழை, கவிதையின் கடைசி அடிகளை வெட்டியது மட்டுமன்று. ஊதிப் பார்க்காமல் வெட்டியது.

ஊர்வலம் பற்றிய அக்கவிதையில் ஊர்வலம் பிடிபட்டிருந்த அடி. கூட்டம் போனபின் கருவியைத் துடைக்கும் கையே நுனி. இப்போது அதனைப் படிக்கும் எவருக்கும் இது புலப்படும். எனக்கு அன்று புலப்படவில்லை.

இம்மலரில் அக்கவிதை 32 அடிகளும் குறையாமல் இடம்பெறுகிறது. ஆசிரியரின் இசைவு பெற்றே இந்நிகழ்ச்சியை எழுதினேன். எழுதிக் காட்டியபோது, "உப்புத்தாள் மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதை எழுதினீர்களா அம்மா? முரட்டுத் தாளால் தேய்த்துக் கெடுத்துக்கொள்ளப் போகிறார்கள்" என்று மட்டும் கேட்டார். எழுதியிருக்கிறேன் ஐயா என்றேன்.

அக்கவிதைக்குக் கூடுதலாக எட்டு அடிகள் தேவைப்பட்டதால், இக்கட்டுரையில் சற்று இடம் குறைக்குமாறு மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டனர். டென்னருக்கு முற்பட்ட குழற்கருவிகளைப் பற்றித் தொடக்கத்தில் எழுதியிருந்த இரண்டு பத்திகளை வாய்விட்டுப் படித்துப் பார்த்து நீக்கிவிட்டேன்.